லீவர் வேட்டைத் துவக்கு: யாழ்ப்பாணத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை

ஒன்ராறியோவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு இப்போது கோப்பாயில் குடியிருக்கிறேன். அங்கிருந்தபோது ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டைக்குப் போய்வந்த ஆள் என்பது இங்கே எப்படியோ பரவிவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களும், கனடாவுக்கு விசா கிடைத்துப் பெட்டி கட்டும் பிள்ளைகளும், திரைப்படம் பார்த்துவிட்டு வரும் பக்கத்து வீட்டுப் பொடியன்களும் லீவர் துவக்கைப் பற்றி அதே சந்தேகங்களையே கேட்பதால், ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் நல்லதென்று தோன்றியது.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு: வெளிக்கோதும் உள்ளிருக்கும் வெடிமருந்தும் முனையும் சேர்ந்த முழுப்பொருளை ரவை என்றும், குழலிலிருந்து பறக்கும் முனையை மட்டும் சன்னம் என்றும், விசையை அழுத்தும்போது பின்னாலிருந்து வந்து அடிக்கும் உறுப்பைக் குதிரை என்றும் எழுதுகிறேன்.

"லீவர் துவக்கு எண்டால் என்ன அண்ணை? படத்திலை குதிரையிலை போறவங்கள் வைச்சிருக்கிறதுதானே?"

அதுவேதான். விசையைச் சுற்றியுள்ள வளையமே லீவர். அதற்குள் மூன்று விரல்களை விட்டுக் கீழ்நோக்கித் தள்ளும்போது உள்ளேயுள்ள போல்ட் என்ற அடைப்புக்கட்டை பின்னால் வந்து குதிரையைச் சாய்த்து நிறுத்துகிறது. அதே அசைவில் வெற்றுக் கோது இழுபட்டு வெளியே தெறிக்கிறது. குழலுக்குக் கீழே ஓடும் நீண்ட ரவைக்குழாயிலிருந்து அடுத்த ரவை ஒரு சிறு தூக்கியின் மேல் வந்து அமர்கிறது. லீவரை மேலே இழுத்து மூடும்போது போல்ட் அந்த ரவையைக் குழலின் பின்முனையிலுள்ள ரவையறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் கை அசைய வேண்டும் என்பதால் இது தானியங்கித் துவக்கு ஆகாது.

பென்யமின் ரைலர் ஹென்றி என்பவர் 1860இல் காப்புரிமை பெற்ற துவக்கிலிருந்து இந்த வம்சம் பெருகியது. 1866, 1873 ஆகிய ஆண்டுகளின் வின்செஸ்டர்கள் அதன் பிள்ளைகள். ஜோன் பிறவுணிங் வடிவமைத்த 1894ஆம் ஆண்டு மாதிரியே வேட்டைக்காரர்களிடம் அதிகம் பரவியது. படங்களில் ஒரு கையால் சுழற்றி ரவை ஏற்றுகிறார்களே என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: சுழலும்போது குழல் ஒரு கணம் உங்கள் முகத்தையும் பக்கத்தில் நிற்பவரின் முகத்தையும் பார்த்துவிட்டே போகிறது.

"எங்கடை வன்னியிலை வைச்சிருக்கிற சொட்கனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

சொட்கனின் குழல் உள்ளே வழுவழுப்பானது. ஒரு ரவையிலிருந்து பல குண்டுகள் விரிந்து போகும். முப்பது, நாற்பது யார் தூரத்துக்குள் பன்றியையோ பறவையையோ சுட ஏற்றது. ரைபிளின் குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவை ஒற்றைச் சன்னத்தைச் சுழலவிட்டு நேராகச் செலுத்துகின்றன. இடியன் துவக்கில் மருந்தையும் குண்டையும் குழல்வாயால் இடித்து இறக்க வேண்டும். கட்டுத்துவக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். விலங்குக்கென்று பாதையில் கட்டி, விறகு பொறுக்கப் போன மனிதனின் காலை எடுக்கும் பொருளை நான் துவக்கு என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

"யாழ்ப்பாணத்திலை ஒண்டு வாங்கி வைச்சிருக்கலாமோ? மாமா வரேக்கை கொண்டு வரலாமோ?"

கொண்டு வர முடியாது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் நீண்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பயிர்ப் பாதுகாப்புக்காகக் கமக்காரர்கள் பெறுவது பெரும்பாலும் சொட்கனுக்கான அனுமதியே. அதை மாவட்டச் செயலகத்தில், அதாவது நம்முடைய பழைய கச்சேரியில், கேட்டுப் பெற்று ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பெற்றாலும் எதைச் சுடுவீர்கள் என்ற கேள்வி மிஞ்சும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். ஆகவே இங்கிருந்து கீழே வரும் பதில்கள் எல்லாம் கனடாவிலோ, இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வேறு நாட்டிலோ வாழ்பவர்களுக்கு உரியவை.

"கனடாவிலையும் துவக்கெல்லாம் தடை செய்திட்டாங்கள் எண்டு சொல்லுறாங்களே?"

பாதி உண்மை. 2020 மே 1ஆம் திகதி ஏறத்தாழ 1,500 மாதிரிகள் தடை செய்யப்பட்டன. அவை பெரும்பாலும் இராணுவத் துவக்குகளின் சாயலில் அமைந்த, விசையை அழுத்த அழுத்தத் தாமே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் வகையின. 2022 ஒக்ரோபரில் கைத்துப்பாக்கிகளின் விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டன. வழக்கமான நீளமுள்ள லீவர் வேட்டைத் துவக்கு இவ்விரண்டிலும் அடங்கவில்லை. அது கட்டுப்பாடற்ற வகுப்பில் இருக்கிறது. "கட்டுப்பாடற்ற" என்ற சொல்லைக் கேட்டு ஏமாற வேண்டாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதையும் வாங்க முடியாது.

"அப்ப வாங்குறதுக்கு என்னென்ன செய்யவேணும்?"

முதலில் கனடியச் சுடுகலன் பாதுகாப்புப் பயிற்சி நெறியை முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 சதவீதம் பெற வேண்டும். அதன் பிறகு வைத்திருத்தலுக்கும் பெறுதலுக்குமான அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லோரும் அதைப் பால் (PAL) என்று சுருக்கித்தான் சொல்வார்கள். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருப்பது கட்டாயம். உங்களை அறிந்த இருவர் சான்று சொல்ல வேண்டும். வாழ்க்கைத் துணையின் கையொப்பத்துக்கும் படிவத்தில் இடமிருக்கிறது. மனைவிக்குச் சொல்லாமல் வாங்கலாம் என்று நினைத்து வந்த ஒருவரின் முகம் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மாறியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பத்திரம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

இது துவக்குக்கு மட்டும். ஒன்ராறியோவில் வேட்டையாட வேட்டைக் கல்வி நெறி, வெளிக்கள அட்டை, விலங்குக்குரிய உரிமச்சீட்டு ஆகியவையும் வேண்டும். தென் ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மானுக்கு ரைபிளே பயன்படுத்தக்கூடாது. சொட்கனும் வாய்வழி மருந்திடும் துவக்குமே அனுமதி. ஆகவே எந்தப் பகுதியில் வேட்டையாடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்தபின் கடைக்குப் போவதே ஒழுங்கு. அதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அழகான ரைபிளைச் சுவரிலும் இரவல் சொட்கனைத் தோளிலும் வைத்திருப்போர் பலர்.

"அவுஸ்திரேலியாவிலை இருக்கிற தம்பிக்கும் இதே மாதிரியோ?"

இல்லை. அங்கே 1996இல் போர்ட் ஆதர் படுகொலைக்குப் பின்னர் வந்த தேசிய உடன்பாட்டின்படி துவக்குகள் எழுத்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 22 ரகம் எனப்படும் சிறு ரவைக்கான லீவர் ரைபிள் ஏ வகுப்பிலும், மான் வேட்டைக்குரிய பெரிய ரவைகளுக்கான லீவர் ரைபிள் பி வகுப்பிலும் வருகின்றன. ஏன் தேவை என்பதற்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும். "என் பாதுகாப்புக்கு" என்பது அங்கே காரணமாகாது. விவரம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் அவர் தன் மாநிலப் பொலிஸாரிடமே கேட்கட்டும்.

"30-30 எண்டு சொல்லுறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்? அதைத்தான் எடுக்கவேணுமோ?"

முதல் முப்பது குழலின் விட்டம், அங்குலத்தின் நூறில் முப்பது. இரண்டாவது முப்பது அந்தக் காலத்தில் அதற்குள் இட்ட புகையில்லா மருந்தின் எடை, கிறெயின் என்ற சிறு எடையலகின் கணக்கில். இந்த ரவை 1895இல் வின்செஸ்டர் 94 மாதிரிக்காகச் சந்தைக்கு வந்தது. 150 கிறெயின் சன்னம் குழலை விட்டுச் செக்கனுக்கு ஏறத்தாழ 2,390 அடி வேகத்தில் கிளம்பும். காட்டுக்குள் வெண்வால் மானைச் சுட இதற்கு மேல் தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வடக்கிலுள்ள சிறு ஊரின் கடையில்கூட அந்தப் பெட்டி கிடைக்கும் என்பது இன்னொரு வசதி.

முதலில் சுடப் பழகுபவர் 22 ரகத்தில் தொடங்கட்டும். ரவை மலிவு, இடி இல்லை, சத்தத்துக்குக் கண்ணை மூடும் பழக்கம் ஒட்டாது. கரடி, மூஸ் என்ற பெரிய மான் என்று போகிறவர்கள் 45-70 எடுப்பார்கள். அது 1873இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்த கரிமருந்து ரவை. பாரமான சன்னம், தோளுக்கும் பாரம்தான்.

"வின்செஸ்டரோ, மார்லினோ, ஹென்றியோ நல்லது?"

கையில் எடுத்துப் பார்த்தால் வின்செஸ்டர் 94 மெல்லியது. நடுவில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். 1964க்கு முந்தியவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடுவதால் விலை ஏறிக் கிடக்கிறது. அந்த ஆண்டோடு கொம்பனி செலவைக் குறைக்கச் சில உறுப்புகளைத் தகட்டில் அடித்துச் செய்யத் தொடங்கியது. பழைய 94 வெற்றுக் கோதை நேர் மேலே எறியும். ஆகவே துவக்கின் தலையில் ரெலஸ்கோப் பூட்ட இடமில்லை. 1982இல் கோது பக்கவாட்டில் சரிந்து போகும்படி மாற்றினார்கள்.

1948இல் வந்த மார்லின் 336 தொடக்கத்திலிருந்தே கோதைப் பக்கவாட்டில் எறிவது. மேற்பகுதி மூடிய இரும்பு. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்குக் குறிபார்க்கும் பின்காட்டி, முன்காட்டி, மான் ஆகிய மூன்றும் ஒன்றாகத் தெளிவதில்லை, அவருக்கு ரெலஸ்கோப் வேண்டும், ஆகவே மார்லின். 2020இல் ரூகர் கொம்பனி மார்லினை வாங்கிப் புதிதாகச் செய்கிறது. விலை ஆயிரம் கனடிய டொலரைத் தாண்டும். இன்றைய ஹென்றி கொம்பனி 1990களில் தொடங்கியது. முதற்பதிலில் சொன்ன ஹென்றியின் பெயரை எடுத்துக்கொண்டதே தவிர வம்சத் தொடர்ச்சி இல்லை. ஆனால் அதன் லீவர் வெண்ணெய் போல ஓடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வைத்திருந்தது மார்லின். பக்கச்சார்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பழசு ஒண்டு மலிவாய் வருது. எதைப் பார்த்து வாங்கவேணும்?"

முதலில் ரவையில்லை என்பதை நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். விற்பவரின் வாய்ச்சொல் போதாது. பின் லீவரைத் திறந்து, ரவையறைப் பக்கம் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைப் பிடித்துக் குழல்வாயால் உள்ளே பாருங்கள். சுருள் வரிகள் கூராகத் தெரிந்தால் நல்லது. நிலவின் முகம் போலப் பள்ளங்கள் தெரிந்தால் துருப் பிடித்து வழித்தெடுத்த துவக்கு. குழல்வாயின் விளிம்பில் அடிபட்ட தழும்பு இருந்தால் குறி தப்பும். திருகாணிகளின் வெட்டு சிதைந்திருந்தால், பொருத்தமில்லாத திருப்புளியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார். தோளில் வைக்கும் மரப்பகுதியான பிடங்கின் கழுத்தில், இரும்பும் மரமும் சந்திக்கும் இடத்தில், மயிரிழைப் பிளவு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

குதிரையைப் பாதி சாய்த்து, பாதுகாப்புக்கான பாதி நிலையில் நிறுத்தி விசையை அழுத்துங்கள். அது விழுந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டு வந்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் வெடிக்கு முன் துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து, ரவையறையின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதுக்கு ஏன் தட்டை மூக்கு ரவை? கூரானது வேகமாய்ப் போகுமே?"

ரவைக்குழாய்க்குள் ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் மூக்கு மற்றொன்றின் அடியைத் தொட்டபடி படுத்திருக்கின்றன. அடியின் நடுவே இருப்பதுதான் தட்டினால் தீப்பிடிக்கும் பிறைமர். கூர்மூக்கு அதில் பொருந்தியிருக்கும்போது துவக்கு வெடித்து உதைத்தால், குழாய்க்குள்ளேயே, உங்கள் இடக்கை பிடித்திருக்கும் இடத்திலேயே ரவை வெடிக்கலாம். அதனால்தான் தட்டை மூக்கு. மென்மையான, நசியக்கூடிய முனை வைத்த கூர்ச்சன்னங்களை ஹோர்னடி கொம்பனி லீவர் துவக்குகளுக்கென்றே செய்கிறது. கூர் வேண்டுமானால் அப்படி எழுதிய பெட்டியைத்தான் வாங்க வேண்டும். பிறவுணிங் பிஎல்ஆர் போன்று குழாய்க்குப் பதில் ரவைக்கூடு பூட்டும் லீவர் துவக்குகளுக்கு இந்தப் பயம் இல்லை.

"ரவையை எப்படிப் போடுறது, எப்படி எடுக்கிறது?"

வலப்பக்கத்தில் வில் வைத்த ஒரு சிறு வாசல் இருக்கும். ரவையின் மூக்கால் அதை உள்ளே அழுத்தித் தள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் முழுதாக உள்ளே விட்டால் வாசல் மூடிக்கொண்டு பெருவிரல் நகத்தைக் கடிக்கும். முக்கால்வாசி தள்ளி, அடுத்த ரவையின் மூக்கால் முந்தியதை உள்ளே அனுப்பினால் விரல் தப்பும். குழாய் நிறைந்தாலும் ரவையறை இன்னும் வெறுமையே. லீவரை ஒருமுறை இயக்கிய பின்னரே அங்கே ரவை ஏறும். மானுக்காகக் காத்திருக்க ஏறிய இடத்தில் அமைதியாக உட்காரும்வரை நான் அதைச் செய்வதில்லை.

எடுப்பதுதான் இந்தத் துவக்கின் பலவீனம். பல மாதிரிகளில் ஒவ்வொரு ரவையையும் லீவரை இயக்கியே வெளியே தள்ள வேண்டும். அந்த நேரம் முழுக்க விரல் விசைக்கு வெளியே, குழல் மண்ணைப் பார்த்தபடி. கடைசி ரவை வந்துவிட்டதென்று நினைத்த பிறகும் லீவரை இருமுறை இயக்கி, சிறுவிரலை ரவையறைக்குள் விட்டுத் தடவி, குழாயின் வாயில் ரவைக்குப் பதில், உள்ளேயுள்ள வில்லின் முனையிலிருந்து ரவைகளைத் தள்ளும் தள்ளுகட்டையின் முகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். குளிரில் எண்ணெய் இறுகினால் வில் ஒட்டிக்கொண்டு, ஒரு ரவை உள்ளேயே ஒளிந்திருக்கும்.

"குதிரை சாய்ஞ்சு நிக்குது, ஆனால் சுடவேண்டாம். என்ன செய்ய?"

பழைய மாதிரிகளில் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. பாதி நிலைதான் பாதுகாப்பு. குழலை மண்ணுக்குத் திருப்பி, குதிரையைப் பெருவிரலால் இறுகப் பிடித்து, விசையை அழுத்தி, குதிரை நகரத் தொடங்கியதும் விசையை விட்டுவிட்டு, பாதி நிலையில் கிளிக் என்று நிற்கும்வரை மெல்ல இறக்க வேண்டும்.

இதைச் சொல்லுமளவுக்கு எளிதாகச் செய்ய முடியாது. ஒரு கார்த்திகை மாலை, கம்பளிக் கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு நான் இதைச் செய்தேன். கம்பளி வழுக்கியது. வெடி என் வலது சப்பாத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் பனிக்குள் இறங்கியது. கறுப்பாக ஒரு துளை, அதைச் சுற்றி மண் தெறித்த வெள்ளை. குழல் மண்ணைப் பார்த்திருந்ததால்தான் இதை எழுதுகிறேன். அன்றிலிருந்து கையுறையோடு குதிரையைத் தொட்டதில்லை. கூடுமானவரை முந்திய பதிலில் சொன்னபடி லீவரால் ரவையை வெளியே எடுத்துவிடுவதே என் வழக்கம்.

"எவ்வளவு தூரம் சுடலாம்? ஐந்நூறு யார் போகுமோ?"

சன்னம் அதைவிடத் தூரமும் போகும், அதுதான் பயம். கேட்க வேண்டியது எவ்வளவு தூரத்தில் மானை ஒரே வெடியில் விழுத்தலாம் என்பதே. 30-30 ரவையை 100 யாரில் நேராகப் படும்படி சரிசெய்தால் 200 யாரில் எட்டு அங்குலத்துக்குக் கிட்டத் தாழ்ந்து படும். மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சும் நுரையீரலும் இருக்கும் இடமும் ஏறத்தாழ அதே அகலம்தான். 100 யாரில் இரண்டரை அங்குலம் உயர்த்தி வைத்தால் அந்தத் தாழ்வு பாதிக்கும் மேல் குறையும். அப்படியிருந்தும் 150 யாரைத் தாண்டி நான் சுட்டதில்லை. காட்டுக்குள் அறுபது யாருக்கு மேல் மரமில்லாத வெளி கிடைப்பதே அரிது. அந்தக் காட்டுக்காகவே செய்யப்பட்ட துவக்கிடம் வெளிக்குரிய வேலையைக் கேட்கக்கூடாது.

"அடிக்கடி இறுகிப்போகுது எண்டு முறைப்பாடு இருக்கே?"

பெரும்பாலும் கையின் குற்றம். மானைக் கண்ட பதற்றத்தில் லீவரை முழுதும் தள்ளாமல் முக்கால் தூரத்தில் திருப்பி இழுத்தால், கோது வெளியேறாமலும் ரவை ஏறாமலும் இரண்டும் நடுவில் சிக்கும். வெற்றுத் துவக்கைத் தோளில் வைத்தபடி லீவரை அடிவரை தள்ளி இழுத்து நூறுமுறை பழகுங்கள்; மெதுவாக இயக்குவதைவிட உறுதியாக இயக்குவதே இதற்குப் பிடிக்கும்.

"தோளிலை இடிக்குமோ? நான் இடக்கைக்காரன்."

30-30 மெல்ல இடிக்கும்; பிடங்கைத் தோளில் இறுக வைத்தால் நீலம் பாயாது. லீவர் நடுவில் இருப்பதால் இடக்கைக்காரருக்கு இதைவிட வசதியான துவக்கு இல்லை. காதுக்கு மூடி கட்டாயம்.

"விசையை அழுத்தினன், 'டிக்' எண்டு மட்டும் கேட்டுது. உடனே லீவரைத் திறக்கலாமோ?"

கூடாது. மருந்து பிந்திப் பற்றக்கூடும். குழலை ஆபத்தில்லாத திசையில் பிடித்தபடி அறுபது செக்கன் எண்ணிவிட்டுத் திறவுங்கள். வெடிச்சத்தம் வழக்கத்தைவிடச் சிறிதாக, சளி பிடித்த இருமல் போலக் கேட்டால் அது இன்னும் மோசம்: சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். துவக்கை வெறுமையாக்கி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கும்வரை அடுத்த வெடி வைக்க வேண்டாம்.

"கோடை லீவுக்கு ரொறன்ரோ போறன். ஒருநாள் சுட்டுப் பார்க்கலாமோ?"

அனுமதிப்பத்திரமுள்ளவர் பக்கத்தில் நின்று நேரடியாக மேற்பார்வை செய்தால், சுடுகளத்தில் அவருடைய கட்டுப்பாடற்ற வகுப்புத் துவக்கை நீங்கள் பயன்படுத்தலாம். வேட்டைக்கு அது போதாது. முன்னே சொன்ன வேட்டை உரிமங்கள் தனியே வேண்டும்.

"மானிறைச்சியை வத்தல் போட்டு இங்கை கொண்டு வருவியளோ? கடைக்கு விக்கலாமோ?"

வேட்டை இறைச்சியை ஒன்ராறியோவில் விற்பது குற்றம், உறவினருக்குக் கொடுக்கலாம். இறைச்சியை இலங்கைக்குள் கொண்டுவர முன் அனுமதி வேண்டும் என்பதால் நான் கொண்டுவந்ததில்லை. அங்கேயே மஞ்சளும் உப்பும் தடவி, வெயில் இல்லாத ஊரில் மின்னுலர்த்தியில் வத்தல் போட்டோம்; அம்மா போட்ட வன்னி வத்தலின் மணம் வரவில்லை. ஒன்று முக்கியம்: ஈயச் சன்னம் உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாக இறைச்சிக்குள் பரவும். காயத்தைச் சுற்றி ஒரு சாண் தாராளமாக வெட்டி எறியுங்கள். சிறுபிள்ளைகள் உள்ள வீடென்றால் செப்புச் சன்னம் வாங்குங்கள்.

"இவ்வளவு சண்டையைக் கண்டிட்டு எப்படியடா திரும்பத் துவக்கைத் தொட்டாய்?"

இதைக் கேட்டவர் என் சின்னம்மா. முதல் ஆண்டு சுடுகளத்தில் பக்கத்து மேசையில் வெடித்த வெடிக்கு நான் நிலத்தில் குப்புற விழுந்தேன். பயிற்றுநர் ஒன்றும் கேட்காமல் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நம்மவரில் பலருக்கு அந்தச் சத்தம் வேட்டைச் சத்தமாக ஒருநாளும் மாறாது. அவர்களை யாரும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. எனக்கு மாறியது. ஏன் என்று சின்னம்மாவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை, இங்கேயும் முயலவில்லை.

"ஸ்காபரோவிலை இருந்த பெரியப்பா செத்துப்போனார். நிலக்கீழ் அறையிலை அவற்றை வின்செஸ்டர் இருக்குதாம். பெரியம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை. இப்ப என்ன செய்யிறது?"

பதற வேண்டாம். இறந்தவரின் உடைமைகளை நிர்வகிப்பவர், நீதிமன்றத் தடை எதுவும் இல்லாதவரானால், அனுமதிப்பத்திரம் இல்லாவிட்டாலும் அவற்றைத் தீர்க்கும்வரை நியாயமான காலத்துக்குத் துவக்கை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. அது பூட்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அந்த அறையைப் பூட்டிச் சாவியைப் பெரியம்மாவே வைத்திருக்கட்டும். ரவை உள்ளதா என்று அவர் திறந்து பார்க்கக்கூடாது. மேலே நான் சொன்ன ஒளிந்திருக்கும் ரவை இங்கேதான் ஆளைக் கொல்லும். பத்திரமுள்ள நண்பர் ஒருவர் வந்து வெறுமையாக்கட்டும்.

அதன்பின் பத்திரமுள்ள பிள்ளைக்கோ, உரிமம் பெற்ற கடைக்கோ முறைப்படி கைமாற்றலாம். யாருக்கும் வேண்டாமென்றால் பொலிஸாருக்குத் தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். துவக்கைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடந்து போகக்கூடாது. ரவைப் பெட்டிகளையும் அவர்களிடமே கொடுத்துவிடலாம், குப்பைப் பையில் போட வேண்டாம்.